அபூர்வ நோயாம்! குழந்தையின் எலும்பு கரைவதற்கு இதுவா பதில்?

“இது அபூர்வமான வியாதி. எங்கோ ஒருவருக்குத்தான் வரும். இதற்கெல்லாம் நாம் என்ன ஏற்பாடு செய்ய முடியும்?”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இப்படிப் பதில் சொல்லும் கனவான்களை நாம் பார்த்திருக்கிறோம். ‘அபூர்வம்’ என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் கேள்வி அடங்கிவிடும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அபூர்வம் என்றால் விதி. விதி என்றால் யாரும் பொறுப்பில்லை. பொறுப்பில்லை என்றால் செலவில்லை. இதுதான் அவர்கள் கணக்கு.

தோழர்களே! இந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகளை எண்ணிப் பாருங்கள். ஒன்பது வயதுச் சிறுமி. வகுப்பில் எல்லோரையும்விடக் குட்டை. கால்கள் வில்லாக வளைந்திருக்கின்றன. நடந்தால் இடுப்பு வலிக்கிறது என்கிறாள். இரவில் நாலு தடவை எழுந்து தண்ணீர் குடிக்கிறாள். நாலு தடவை வெளியே போகிறாள். கன்னம் அடிக்கடி வீங்குகிறது. ‘பொன்னுக்கு வீங்கி’ என்று பாட்டி பற்றுப் போடுகிறாள். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. பல்லெல்லாம் சொத்தை. ஒரு நாள் காலையில் பாயைவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறாள். இரண்டு காலும் தூக்க வரவில்லை.

இவளைப் பார்த்து ஊர் என்ன சொல்கிறது? “பாலும் முட்டையும் கொடு” என்கிறார் ஒருவர். கூலிக்காரன் வீட்டில் பாலுக்கும் முட்டைக்கும் வழியிருந்தால் கொடுக்க மாட்டானா? “சுண்ணாம்புச் சத்து டானிக் வாங்கு” என்கிறார் மருந்துக் கடைக்காரர். “வளர்கிற வயசு, வலிக்கத்தான் செய்யும்” என்கிறார் மூன்றாமவர். “காலை வெயிலில் நிறுத்து” என்கிறார் நாலாமவர். “யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்” என்று மந்திரிக்க அழைத்துப் போகிறாள் அத்தை. ஆளுக்கொரு யோசனை! ஆனால் அந்தக் குழந்தையின் சிறுநீரை ஒரு சிறு குப்பியில் பிடித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. கோளாறு காலில் தெரிகிறது. அதன் வேர் சிறுநீரகத்தில் இருக்கிறது.

காவற்காரனே கம்பெடுத்தால்?

மில் கேட்டில் காவற்காரன் நிற்கிறான். திருடன் வந்தால் பிடிப்பதற்காக அவனை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் அவன் புத்தி தடுமாறி, ஷிப்டுக்கு வரும் தொழிலாளியையே திருடன் என்று எண்ணி அடிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? இயந்திரம் நிற்கும், மில் நாசமாகும்.

நம் உடம்பிலும் இப்படி ஒரு காவற்படை உண்டு. வெளியிலிருந்து நுழையும் கிருமிகளைக் கொல்வதே அதன் வேலை. சிலருடைய உடம்பில் இந்தப் படை தன் உடம்பையே எதிரி என்று எண்ணித் தாக்குகிறது. இதைத் தன்னுடல் தாக்கு நோய் என்கிறார்கள் மருத்துவ விஞ்ஞானிகள். இதில் பல வகை உண்டு. கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குவது ஒரு வகை. ஸ்வீடன் நாட்டுக் கண் டாக்டர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-ல் அதை விரிவாக எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. தோல், மூட்டு, இரத்தம், சிறுநீரகம் என்று கண்ட இடத்தையெல்லாம் தாக்குவது இன்னொரு வகை. அதற்கு லூபஸ் என்று பெயர். லத்தீன் மொழியில் ஓநாய் என்று அர்த்தம்.

இவை தொற்று நோய்கள் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. தாய் செய்த பாவமும் அல்ல, தகப்பன் வாங்கிய சாபமும் அல்ல. சிறுவர்களைவிடச் சிறுமிகளுக்கே இவை அதிகம் வருகின்றன. முகத்தில் செந்தடிப்பு வந்துவிட்டால், “பெண் பிள்ளையாயிற்றே, வெளியே சொல்லாதே” என்று மூடி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. மூடி வைக்கும் ஒவ்வொரு மாதமும் உள்ளே சிறுநீரகம் அரிக்கப்படுகிறது. இதை நம் பெண்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலும்பு ஏன் கரைகிறது?

சாயப்பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு அமிலத்தின் குணம் தெரியும். கழிவுநீர் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் பட்டறைக்குள்ளேயே அமிலம் தேங்கும். தரையை அரிக்கும், காலை அரிக்கும்.

நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்தும் உடம்பில் தினந்தோறும் அமிலம் உண்டாகிறது. அதைச் சிறுநீரில் வடித்து வெளியே தள்ளுவது சிறுநீரகத்திலுள்ள நுண்ணிய குழாய்களின் வேலை. தன்னுடல் தாக்கு நோய் அந்தக் குழாய்களைப் பழுதாக்கினால் அமிலம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கிவிடுகிறது. ஷோக்ரன் நோயிலும் லூபஸ் நோயிலும் குழந்தைகளுக்கு இப்படி நேர்வதுண்டு.

தேங்கிய அமிலத்தை உடம்பு என்ன செய்யும்? புளித்துப்போன மண்ணில் சுண்ணாம்பு இட்டால் புளிப்பு முறியும் என்பது நீலகிரித் தோட்டத் தொழிலாளிக்குத் தெரியும். உடம்பும் அதையேதான் செய்கிறது. ஆனால் சுண்ணாம்புக்கு எங்கே போகும்? எலும்பைக் கரைத்து எடுக்கிறது! நாள்தோறும் சிறிது சிறிதாக எலும்பு கரைகிறது. வளர்கிற குழந்தையின் கால் வளைகிறது. வளர்ச்சி நிற்கிறது. தட்டினால் உடைகிறது. கரைந்த சுண்ணாம்பு சிறுநீரோடு போகும் வழியில் சிறுநீரகத்திலேயே படிந்து கல்லாகிறது.

இதோடு தீரவில்லை. வயலுக்குப் பொட்டாஷ் உரம் போடுகிறோமே, அந்தப் பொட்டாசியம் நம் தசைகளுக்கும் வேண்டும். பழுதான குழாய் வழியாக அதுவும் ஒழுகிப் போகிறது. அளவு மிகவும் குறைந்துவிட்டால் ஒரு நாள் காலையில் கை கால் விழுந்துவிடும். சிறுமிக்கு அன்று கால் தூக்க வராமல் போனதற்குக் காரணம் இதுதான். செய்வினையுமில்லை, காற்றுக் கருப்புமில்லை. இந்த நிலை மூச்சையும் இதயத்தையும் பாதிக்கக்கூடியது. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய ஆபத்து.

இனி டானிக் சமாச்சாரத்துக்கு வருவோம். கால் வளைந்திருந்தால் உடனே ‘ரிக்கெட்ஸ்’ என்று சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் கொடுக்கிறார்கள். சாதாரண ரிக்கெட்ஸ் ஆனால் அது சரியான மருந்துதான். ஆனால் இங்கே அமிலம் அப்படியே தேங்கி நிற்கிறது. அதைச் சரிசெய்யாமல் சுண்ணாம்பை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் கால் நிமிராது. சிறுநீரகத்தில் சுண்ணாம்பு இன்னும் படிய இடமாகும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதை! தொழிலாளியின் கூலியும் போகிறது, குழந்தையின் சிறுநீரகமும் போகிறது.

மருந்து விலையைக் கேளுங்கள்!

இவ்வளவு பெரிய கொடுமைக்கு மருந்து என்ன தெரியுமா தோழர்களே? அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வர வேண்டிய ஊசி அல்ல. அமிலத்தை முறிக்கும் காரம். அதாவது சோடியம் பைகார்பனேட். நம் வீட்டுப் பெண்கள் ஆப்ப மாவில் போடும் அதே சோடா உப்பு! அத்துடன் பொட்டாசியம் சிட்ரேட் என்ற உப்பு மருந்து. இரண்டும் மலிவானவை. இரண்டும் பழைய மருந்துகள்.

இந்த அறிவு நேற்று வந்ததும் அல்ல. சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்த குழந்தைகளைப் பற்றி 1930-களிலேயே லண்டனிலும் பாஸ்டனிலும் டாக்டர்கள் எழுதினார்கள். சிறுநீரகக் கோளாறுதான் எலும்பைக் கரைக்கிறது என்பதை 1940-களில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க டாக்டர் விளக்கினார். கார மருந்து கொடுத்தால் எலும்பு தேறும் என்றும் காட்டினார். எண்பது வருஷம் ஆகிறது! சந்திரனுக்கு மனிதன் போய் வந்துவிட்டான். ஆனால் ஆல்பிரைட் கண்டது நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்னும் பஸ் ஏறி வந்து சேரவில்லை!

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் அடுப்படியிலிருந்து சோடா உப்பை எடுத்துக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்துவிடக் கூடாது. பொட்டாசியம் குறைந்திருக்கும் உடம்பில் காரத்தை மட்டும் கொடுத்தால் பொட்டாசியம் மேலும் இறங்கும், உயிருக்கே ஆபத்து. குழந்தையின் எடை பார்த்து, இரத்தம் சோதித்து, டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். மூல நோய்க்கும் தனியே வைத்தியம் வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தைகளிடம் காணும் இந்த அமிலக் கோளாற்றில் பெரும்பாலானவை பிறவியிலேயே வருபவை. தன்னுடல் தாக்கு நோயால் வருபவை அதைவிடக் குறைவு. ஆனால் இரண்டையும் பிடித்துக் கொடுக்கும் முதல் சோதனை ஒன்றுதான். இரண்டுக்கும் காரம்தான் மருந்து.

ஆகவே, ‘அபூர்வம்’ என்று சொல்லும் கனவான்களைக் கேட்கிறோம்: நோய் அபூர்வமாக இருக்கலாம். சோடா உப்பு அபூர்வமா? சிறுநீர் அபூர்வமா? எது இங்கே அபூர்வம்? ஏழை வீட்டுக் குழந்தையின் மேல் உங்களுக்கு உள்ள அக்கறைதான் அபூர்வம்!

ஓநாய் சத்தமில்லாமல் கடிக்கிறது

இப்போது லூபஸுக்கு வருவோம். கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் செந்தடிப்பு, விடாத காய்ச்சல், மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுதல், இரத்தச் சோகை — இவை அதன் அடையாளங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை. வெயில் பட்டால் சீற்றம் கூடும். “காலை வெயிலில் நிறுத்து” என்ற யோசனை இந்தக் குழந்தைக்கு எவ்வளவு கெடுதல் என்று பாருங்கள்!

பெரியவர்களுக்கு வரும் லூபஸைவிடக் குழந்தைகளுக்கு வரும் லூபஸ் மூர்க்கமானது. சிறுநீரகத்தை அதிகமாகத் தாக்குகிறது. தாக்கும்போது வலிக்காது. இதுதான் கொடுமை! காலில் முள் குத்தினால் குழந்தை அழும். சிறுநீரகம் அழுகினால் குழந்தை அழாது. சிறுநீரில் புரதம் ஒழுகும், நுரை தங்கும். கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கலக்கும். முகமும் கணுக்காலும் வீங்கித் தெரியும்போது காலம் கடந்திருக்கலாம்.

இதற்கு மருந்து இருக்கிறது. 1948-ல் அமெரிக்க டாக்டர் ஃபிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளி ஒருத்திக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்தார். 1950-ல் அவருக்கும் கெண்டால், ரைக்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஸ்டீராய்டு வகை மருந்துகள்தான் லூபஸ் குழந்தைகளைச் சாவின் வாயிலிருந்து மீட்டன. அதை நாம் மறக்கவில்லை. மருந்தைத் திட்டுவது நம் நோக்கமல்ல.

ஆனால் அது இருபுறமும் கூரான கத்தி. அதிக அளவில் நெடுநாள் கொடுத்தால் வளர்ச்சியைத் தடுக்கும். எலும்பை மெலிய வைக்கும். இன்னொரு விபரீதமும் உண்டு. தொடை எலும்பின் மேல் நுனி பந்துபோல் உருண்டு இடுப்புக் குழிக்குள் சுழல்கிறது. அந்தப் பந்துக்கு இரத்தம் போகும் பாதை மிகவும் குறுகலானது. தஞ்சைத் தோழர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: அந்தப் பந்து ஒரு கடைமடை வயல்! மேலே எங்கே வாய்க்கால் அடைத்தாலும் முதலில் காய்வது அதுதான். லூபஸ் நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்து அந்த இரத்த வாய்க்காலை அடைத்துவிடுவதுண்டு. பந்து உயிரிழந்து நொறுங்குகிறது. சின்னக் குழந்தைகளைவிடப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கே இது அதிகம் நேர்கிறது. பதினைந்து வயதில் இடுப்பொடிந்த கிழவியாகிறாள் சிறுமி!

இதிலும் ஏமாற்று இருக்கிறது. கோளாறு இடுப்பில், வலியோ சில சமயம் முழங்காலில். முழங்காலைப் படம் எடுத்துவிட்டு “ஒன்றுமில்லை, போ” என்று அனுப்பிவிட்டால் போயிற்று. இடுப்பையே எக்ஸ்ரே எடுத்தாலும் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்; எம்.ஆர்.ஐ. படம்தான் காட்டிக்கொடுக்கும். ஆரம்பத்தில் கண்டால் பாரத்தைக் குறைத்து, வேண்டுமானால் சிறிய அறுவை செய்து, பந்தைக் காப்பாற்ற முயலலாம். நொறுங்கிய பிறகு கண்டால் செயற்கை மூட்டுதான் கதி.

ஆகவே மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. அளவைக் கண்காணிக்க வேண்டும். நிலைமை தேறத் தேறக் குறைக்க வேண்டும். எங்கே நடக்கிறது? மாவட்டத் தலைநகருக்குப் போக ஒரு நாள் கூலி போகும். பஸ் காசு போகும். அதனால் பழைய சீட்டையே மருந்துக் கடையில் காட்டி, அதே மாத்திரையை மாதக் கணக்கில் வாங்கிக் கொடுக்கிறார் தகப்பன். அவரைக் குற்றம் சொல்கிறார்கள்! வயிற்றுக்கும் வைத்தியத்துக்கும் நடுவே ஒருவனை நிறுத்திவிட்டு, “ஏன் ஒழுங்காக வரவில்லை?” என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இங்கும் ஒரு எச்சரிக்கை: ஸ்டீராய்டு மாத்திரையைப் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தக் கூடாது. அது உயிருக்கு ஆபத்து. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்படிதான்.

மாத்திரையைப் பறித்த கதை

ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க உதவி செய்யும் மாத்திரை ஒன்று உண்டு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்று பெயர். மலேரியாவுக்கு என்று பிறந்த மருந்து; லூபஸ் மறுபடி சீறாமல் அடக்கி வைக்கிறது. மலிவானது. உலகத்துக்கே நம் நாட்டுத் தொழிற்சாலைகள் செய்து அனுப்புகின்றன.

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இதுவே கண்கண்ட மருந்து என்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் முழக்கமிட்டார். நிரூபணம் இருந்ததா? இல்லை. ஆனாலும் பணமுள்ளவர்கள் கடை கடையாக ஏறி அள்ளினார்கள். மார்ச் 25-ல் இந்திய சர்க்கார் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஏப்ரல் முதல் வாரத்தில், அனுப்பாவிட்டால் பதிலடி இருக்கலாம் என்று டிரம்ப் பேசினார். உடனே தடை தளர்ந்தது! அதே வருஷம் ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனை, ஆஸ்பத்திரியில் கிடக்கும் கொரோனா நோயாளிகளுக்கு இந்த மருந்தால் பலனில்லை என்று காட்டிவிட்டது. அதற்குள் பல நாடுகளில் லூபஸ் நோயாளிகள் தங்கள் மாத்திரைக்காகக் கடை கடையாக அலைந்தார்கள். உண்மையில் யாருக்கு அந்த மாத்திரை வேண்டுமோ அவர்களுடைய குரல் எந்த மாளிகையிலும் கேட்கவில்லை.

‘அபூர்வ நோயாளி’ என்றால் என்ன அர்த்தம் என்பது அந்த வசந்தத்தில் உலகத்துக்கே தெரிந்தது. தட்டுப்பாடு வந்தால் வரிசையில் கடைசியாக நிற்க வேண்டியவன் என்று அர்த்தம்!

ஒரு காகிதக் கீற்றின் விலை

இனி, செய்யக்கூடியது என்ன என்று பார்ப்போம். விரல் நீளத்தில் ஒரு கீற்று இருக்கிறது. அதில் வரிசையாகச் சிறு வண்ணக் கட்டங்கள். சிறுநீரில் நனைத்து எடுத்தால் இரண்டு நிமிஷத்துக்குள் நிறம் மாறும். புரதம் இருக்கிறதா, இரத்தம் இருக்கிறதா, அமிலமா காரமா — மூன்றையும் அது சொல்கிறது. புரதமும் இரத்தமும் தெரிந்தால் லூபஸ் முதலாகச் சிறுநீரகத்தைத் தாக்கும் பல நோய்களைச் சந்தேகிக்கலாம். வளைந்த கால், வளராத உடம்பு, அதோடு சிறுநீரில் எப்போதும் அமிலமே ஏறாமல் இருந்தால், அமிலக் கோளாற்றைச் சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், முடிவல்ல. சிறுநீர்த் தொற்று இருந்தாலும் நிறம் மாறும். முடிவு சொல்ல இரத்தப் பரிசோதனை வேண்டும். ஆனால் சந்தேகமே வராத இடத்தில் இரத்தப் பரிசோதனை எங்கிருந்து வரும்? இந்தக் கீற்றின் விலை ஒரு டீக்கும் இரண்டு வடைக்கும் கொடுக்கும் காசுக்கு மேல் போகாது.

ஜப்பானில் 1974 முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருஷந்தோறும் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கிறது. தைவானில் 1990-லும் தென் கொரியாவில் 1998-லும் தொடங்கினார்கள். குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே, வீக்கம் வருமுன்பே, சிறுநீரக நோயைப் பிடித்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் என்ன? 2013-ல் மத்திய சர்க்கார் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரை பரிசோதிப்பதாகச் சொன்னார்கள். நல்ல திட்டம்தான், வரவேற்கிறோம். 30 குறைபாடுகள் கொண்ட பட்டியல் போட்டார்கள். அதில் ரிக்கெட்ஸ் இருந்தது. இரத்தச் சோகை இருந்தது. தோல் நோய் இருந்தது. பல் சொத்தைகூட இருந்தது. சிறுநீரகம் இல்லை! வளைந்த காலைப் பார்ப்பார்களாம். வளைத்தவன் யார் என்று பார்க்க மாட்டார்களாம்!

“செலவுக்கேற்ற பலன் உண்டா?” என்று கேட்பார்கள் கணக்குப்பிள்ளைகள். 2007-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே, ஆரோக்கியமான எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டதே என்று எடுத்துக்காட்டுவார்கள். சரி, வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். எல்லாக் குழந்தைக்கும் வேண்டுமா என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் கால் வளைந்த குழந்தைக்கு? வளராத குழந்தைக்கு? முகம் வீங்கிய குழந்தைக்கு? காரணம் தெரியாமல் நொண்டும் குழந்தைக்கு? விடாத காய்ச்சலும் மூட்டு வலியும் உள்ள குழந்தைக்கு? இவர்களுக்கு வேண்டாம் என்று எந்த நாட்டு டாக்டரும் சொல்லவில்லை. இந்தக் குழந்தைகளுக்காவது கிராமத்துச் சுகாதார நிலையத்தில் ஒரு கீற்று நனைகிறதா? இதுதான் நம் கேள்வி. இதற்கு அமெரிக்காவைக் காட்டித் தப்பிக்க முடியாது.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கீற்றை மிச்சப்படுத்திய சர்க்கார் பிறகு என்ன செலவழிக்கிறது? சிறுநீரகம் கெட்ட குழந்தைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ். பிறகு மாற்றுச் சிறுநீரகம். இடுப்புக்குச் செயற்கை மூட்டு. இதுவா சிக்கனம்? விதை நெல்லைக் காக்கக் காவலுக்கு ஆள் போடாமல் மிச்சம் பிடித்துவிட்டு, அறுவடை போன பிறகு கடனுக்கு அரிசி வாங்குகிறவன் கணக்கு இது!

ஒரே நோய், இரண்டு குழந்தைகள்

நோய்க்குச் சாதியில்லை, வர்க்கமில்லை என்பார்கள். மில் முதலாளி வீட்டுக் குழந்தைக்கும் லூபஸ் வரும், உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தைக்குக் கன்னம் சிவந்த மறுநாளே டாக்டர் வீட்டுக்கு வருவார். வாரத்துக்குள் எல்லாச் சோதனையும் முடியும். கூலிக்காரன் குழந்தைக்கோ முதலில் மந்திரிப்பு, பிறகு மருந்துக் கடை, பிறகு உள்ளூர் ஆஸ்பத்திரி, பிறகு மாவட்ட ஆஸ்பத்திரி, கடைசியில் சென்னை எழும்பூர். ஒவ்வொரு படிக்கும் சில மாதம். நோய் இரண்டு குழந்தைக்கும் ஒன்றுதான். தாமதம்தான் வேறு. முடமாக்குவது அந்தத் தாமதம்!

மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. 1948-ல் சட்டம் வந்து, 1955-ல் அது கோவைக்கு வந்தது. சம்பளத்தில் பிடிக்கிறார்கள், மகளைக் காட்ட உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் நாற்று நடும் பெண்ணுக்கு அந்தச் சீட்டு இல்லை. ‘காப்பீட்டு அட்டை கொடுத்திருக்கிறோமே’ என்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும்போது அட்டை உதவலாம். நாற்று நடவை விட்டுவிட்டு வந்த நாளின் கூலியை அட்டை கொடுக்குமா? பஸ்ஸில் அட்டையைக் காட்டினால் டிக்கெட் கிழிப்பார்களா?

உண்மையாக உழைக்கும் டாக்டர்களும் நர்ஸுகளும் நம் எதிரிகள் அல்ல. இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு டாக்டரால் எந்தக் குழந்தையின் இடுப்பைச் சுழற்றிப் பார்க்க முடியும்? அவர் கையில் கீற்றையும் கொடுக்காமல், நேரத்தையும் கொடுக்காமல், பழியை மட்டும் கொடுப்பவர்கள் யாரோ, அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

நாம் கேட்பது

நாம் நிலாவைக் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவுதான்:

1. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிறுநீர்ச் சோதனைக் கீற்று எப்போதும் இருக்க வேண்டும். கால் வளைந்த, வளர்ச்சி நின்ற, நொண்டுகிற, வீங்கிய ஒவ்வொரு குழந்தைக்கும் அது கட்டாயமாக நனைய வேண்டும்.

2. பள்ளிக்கூடப் பரிசோதனைப் பட்டியலில் சிறுநீரகத்தையும் சேர்க்க வேண்டும்.

3. இரத்தத்தில் அமிலமும் பொட்டாசியமும் பார்க்கும் வசதி தாலுகா ஆஸ்பத்திரி வரை வர வேண்டும்.

4. கார மருந்தும் பொட்டாசியம் சிட்ரேட்டும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சர்க்கார் மருந்தகத்தில் மாதந்தவறாமல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடும் ஒவ்வொரு குழந்தையையும் டாக்டர் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

5. நீடித்த நோயுள்ள குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்க்கோ தகப்பனுக்கோ பஸ் கட்டணமும் இழந்த கூலியும் தர வேண்டும்.

சர்க்கார் கொடுக்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் லயனில், உங்கள் சேரியில், வளராத குழந்தை, நொண்டும் குழந்தை, கன்னம் திரும்பத் திரும்ப வீங்கும் குழந்தை எது என்று பாருங்கள். பொன்னுக்கு வீங்கி சாதாரணமாக ஆயுளில் ஒரு தடவைதான் வரும். திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுங்கள். அந்தத் தாயிடம் போய்ச் சொல்லுங்கள்: “இது சாபமில்லை அம்மா. சிறுநீரைச் சோதிக்கச் சொல்லிக் கேள்.” டாக்டர் மறந்தால் நினைவுபடுத்தச் சொல்லுங்கள். தனியே போகப் பயந்தால் சங்கத்திலிருந்து இரண்டு பேர் கூடப் போங்கள். கீற்று இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். ஒருவன் கேட்டால் முறையீடு. ஊரே கேட்டால் உரிமை.

அபூர்வமான நோய் என்கிறார்கள். இருக்கட்டும். பெற்றவளுக்குத் தன் குழந்தை லட்சத்தில் ஒன்று அல்ல. அவளுக்கு அது ஒன்றேதான். அந்த ஒரு குழந்தை நிமிர்ந்து நடப்பதற்கு ஒரு கீற்றும் கொஞ்சம் உப்பு மருந்தும் போதுமென்றால், அதைக் கொடுக்காத சமுதாயத்தின் முதுகெலும்பைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்!